கோழி எருவும் ஆட்டுத் தீவனமும்: புளிக்கவைத்தால் போதுமா?



சென்ற கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், நம் உறுப்பினர் ஒருவர் தமது கைத்தொலைபேசியில் வந்திருந்த அறிவிப்பு ஒன்றைக் காட்டினார். ஊர்ப் பக்கம் ஆட்டுப் பண்ணை ஒன்றிற்குப் பங்கு சேர்க்கிறார்களாம். தீவனச் செலவு பாதியாகக் குறையுமாம். காரணம், கோழிப் பண்ணை எருவைப் புளிக்கவைத்து ஆட்டுக்குக் கொடுக்கும் "விஞ்ஞான முறை". அதைப் படித்துவிட்டு அவர், "நீங்கள் இதில் ஏற்கனவே கையைச் சுட்டுக்கொண்டவராயிற்றே, என்ன சொல்கிறீர்கள்?" என்று நம்மைக் கேட்டார். நின்ற இடத்தில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமன்று. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

நாம் படித்தது மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே. மளிகைக் கடைக்காரருக்கு இரசாயன சாஸ்திரம் எங்கிருந்து வந்தது என்று எவரும் வியக்க வேண்டாம். பணத்தை இழந்த பிறகு, பாலிடெக்னிக்கில் படிக்கும் எமது மகளை உட்காரவைத்து, புத்தகங்களை வாசித்துச் சொல்லச் சொல்லிக் கற்றுக்கொண்டதே இது.

முதலில், கழிவைத் தீவனமாக்குவது என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நாம் தினமும் நடக்கும் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் பெயரிலேயே எருமையைச் சுமந்துகொண்டிருக்கின்றன. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைப் பட்டி என்பதே பொருள். கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வியாபாரி பெலிலியோஸின் பெயரில் இன்றும் அங்கே ஒரு சாலை இருக்கிறது. நீரும் புல்லும் நிறைந்திருந்த அந்தத் தாழ்நிலத்தில் மாடு அடைத்த காலமும் உண்டு. எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் புண்ணாக்கும், மாவு அரைத்த பின் மிஞ்சும் தவிடும் கழிவேயன்றி வேறென்ன? மனிதனுக்கு உதவாததைப் பிராணிக்குக் கொடுத்து, அதைப் பாலாகவும் இறைச்சியாகவும் வாங்கிக்கொள்வது பழைய வழக்கம். ஆனால் புண்ணாக்கு ஒரு முறையும் வயிற்றுக்குள் போய் வராத கழிவு. எருவோ போய் வந்த கழிவு. சிக்கலெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

கோழி எருவில் என்ன இருக்கிறது? கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. அதன் உடம்பில் மிஞ்சும் தழைச்சத்து யூரிக் அமிலமாகி எச்சத்தோடு வெண்மையாக வெளியேறுகிறது. கறிக்கோழிக் கொட்டகையில் விரித்த உமியும் நார்த்தூளும், சிந்திய தீவனமும், உதிர்ந்த இறகும், எச்சமும் சேர்ந்த குப்பையை உலர்த்தி எடைபோட்டால், அதில் 100-க்கு 20 முதல் 30 பங்கு வரை புரதக் கணக்கில் வரும். கடலைப் புண்ணாக்கின் விலையை அறிந்தவர்களுக்கு இதைக் கேட்டதும் நாக்கில் நீர் ஊறும். ஆயினும் அந்தக் கணக்கில் ஏறத்தாழப் பாதி உண்மைப் புரதமன்று, யூரிக் அமிலம் முதலான தழைச்சத்தே. நமக்கோ கோழிக்கோ அதனால் ஒரு பயனுமில்லை. அசைபோடும் ஆடு மாடுகளின் முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை அந்தத் தழைச்சத்தைத் தின்று தம் உடம்பில் புரதமாக்கிக்கொள்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களையே ஆடு செரித்துக்கொள்கிறது. அல்லாஹ்வின் படைப்பில் உள்ள அந்த ஏற்பாட்டை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

எருவில் கிருமிகளும் இருக்கின்றன. சால்மோனெல்லா, ஈ. கோலை முதலியவை. அவற்றைக் கொல்லவே புளிக்கவைப்பது. தீவனச் சோளத்தை வெட்டிக் குழியில் அமுக்கிக் காற்றுப் புகாமல் மூடிவைக்கும் ஊறுகாய்ப் புல் முறையை ஊரில் பலர் பார்த்திருக்கலாம். அதே முறைதான் இதுவும். இட்லி மாவு இரவில் பொங்குவதும், பால் தயிராவதும், இங்கே மலாய்க்காரர்கள் தாப்பாய் செய்வதும் நுண்ணுயிர்களின் வேலையே. காற்றில்லாத இடத்தில் இனிப்பைத் தின்னும் சில நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலம் என்னும் தயிர்ப் புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏறத் தீய கிருமிகளால் அங்கே வாழ முடிவதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தோசை மாவு அதிகம் புளித்துவிட்டால் வீட்டில் ஒரு சிட்டிகை சோடா போடுவார்கள், புளிப்பு அடங்கிவிடும். கோழி எருவில் கிளம்பும் அம்மோனியா அந்தச் சோடாவைப் போன்றது. நுண்ணுயிர் ஒரு பக்கம் புளிப்பை உண்டாக்க, அம்மோனியா மறுபக்கம் அதை முறித்துக்கொண்டே இருக்கும். தனி எருவை மூடிவைத்தால் அது சரியாகப் புளிக்காமல் அழுகக்கூடும். ஆகவே வெல்லப்பாகோ, பச்சைச் சோளத்தட்டையோ கலந்து இனிப்புச் சத்தைக் கூட்ட வேண்டும். ஈரம் 100-க்கு 40 பங்கு அளவில் இருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது. நன்றாக மிதித்து அமுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, குறைந்தது மூன்று வாரம் விட வேண்டும். ஆறு வாரம் விடுவது மேல். சரியாகப் பக்குவப்பட்டால் எரு நாற்றம் போய், புளித்த பழத்தின் மணம் வரும்.

இன்னொரு முறையில் புளிப்பை நம்பாமல் சூட்டை நம்புவார்கள். எருவை உயரமாகக் குவித்து மூடிவைத்தால் அது தானாகவே 60 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். அந்தச் சூட்டிலும் கிருமி சாகும். சூடு அதற்கு மேல் போனால் எரு கருகிச் சத்துக் கெடும்.

இவையெல்லாம் கட்டுக்கதையல்ல. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. பி. ஆந்தணி என்பவர் 1960-களில் மாட்டுச் சாணம் 57 பங்கும் உலர்ந்த புல் 43 பங்கும் கலந்து புளிக்கவைத்து மாடுகளுக்குக் கொடுத்தார். அதற்கு வேஸ்ட்லேஜ் என்று பெயரும் வைத்தார். வர்ஜீனியாவில் ஜே. பி. ஃபோன்டெனாட்டும் அவருடைய கூட்டத்தாரும் கோழிக் குப்பையை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். புளிப்பும் சூடும் கிருமிகளை அழிப்பது அங்கே நிரூபணமாயிற்று. அறிவிப்பில் சொல்லும் "விஞ்ஞான முறை" அந்த மட்டில் உண்மையே.

நிற்க. நமது கதைக்கு வருவோம்.

2019-ஆம் ஆண்டு. ஊரில் எமது மச்சான் ஒரு பட்டி வைத்திருந்தார். செம்மறி 34, வெள்ளாடு 12, பசு 2. சிங்கப்பூரிலிருந்து நாமும் வேறு இரு கடைக்காரர்களும் முதல் போட்டிருந்தோம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊரில் குர்பானி கொடுத்து ஏழைகளுக்குப் பங்கிடச் சொல்லி இங்குள்ளவர்கள் நம் கடையில் பணம் கட்டுவது வழக்கம். அந்த ஆண்டும் கட்டினார்கள். அவர்களுடைய ஆடுகள் அந்தப் பட்டியில்தான் வளர்ந்தன. மழை பொய்த்தது, மேய்ச்சல் இல்லை, புண்ணாக்கு விலை ஏறியது. அப்போதுதான் மச்சானுக்கு யாரோ இந்த முறையைச் சொன்னார்கள். ஒரு கறிக்கோழிப் பண்ணையிலிருந்து லாரியில் குப்பை வந்திறங்கியது. சோளத்தட்டையும் வெல்லப்பாகும் கலந்து குழியில் அமுக்கினார். நாற்றமடிக்குமென்று பயந்துகொண்டே 25-ஆம் நாள் திறந்தால், புளித்த மணம்! தொலைபேசியில் அவர் மகிழ்ந்ததை என்னவென்பது! "மச்சான், ஆடு முட்டிக்கொண்டு தின்கிறது" என்றார். நாமும் கல்லாப் பெட்டியண்டை உட்கார்ந்தபடி மிச்சக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏப்ரல் மாதத்திலிருந்து அதுவே தீவனத்தில் பாதி.

ஜூலையில், பெருநாளைக்கு ஒரு மாதம் இருக்கையில், ஒரு செம்மறி தீவனத்தை முகர்ந்துவிட்டு நின்றது. மறுநாள் அதன் கண்ணும் ஈறும் மஞ்சள். மூத்திரம் காப்பி நிறம். மூன்றாம் நாள் செத்தது. ஒரு வாரத்தில் ஐந்து. அரசாங்கக் கால்நடை மருத்துவர் வந்து செத்த ஆடு ஒன்றை அறுத்துப் பார்த்தார். ஈரல் மஞ்சளாக இருந்தது. சிறுநீரகம் துப்பாக்கிக் குழாயைப் போலக் கறுத்திருந்தது. "என்ன தீனி போடுகிறீர்கள்?" என்று கேட்டு, குழியில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "நன்றாகத்தான் புளித்திருக்கிறது. புளிப்பு கிருமியைக் கொல்லும், பாய். செம்பைக் கொல்லாது" என்றாராம்.

சகோதரர்களே, பாடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

கோழிகளின் வளர்ச்சிக்கும், பூஞ்சணம் பிடிக்காமலிருக்கவும் தீவனத்தில் மயில்துத்தம் சேர்க்கும் பழக்கம் பல பண்ணைகளில் உண்டு. மயில்துத்தம் என்பது செம்பின் உப்பு. கோழி அதில் பெரும்பகுதியை எச்சத்தில் கழித்துவிடுகிறது. அவ்வகைக் குப்பையில், ஒரு கிலோ உலர்ந்த எடைக்குச் சில நூறு மில்லிகிராம் வரை செம்பு இருக்கக்கூடும். செம்மறி தாங்குவதோ ஒரு கிலோ தீவனத்திற்கு 15 முதல் 25 மில்லிகிராம் வரைதான். செம்மறியின் ஈரல் செம்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளுமே தவிர எளிதில் வெளியே தள்ளாது. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் சேரும். அதுவரை ஆடு கொழுகொழுவென்று இருக்கும். பிறகு ஒரு நாள், கொஞ்சம் அலைச்சலோ பயமோ ஏற்பட்டாலும், ஈரல் தாங்காமல் செம்பை இரத்தத்தில் கொட்டிவிடும். இரத்த அணுக்கள் உடையும். அதனால்தான் மஞ்சளும் காப்பி நிற மூத்திரமும். வெள்ளாடு இதைவிடத் தாங்கும், மாடு மிகவும் தாங்கும். நம் பட்டியிலும் வெள்ளாடு ஒன்றும் சாகவில்லை, பசுக்கள் கொழுத்தே இருந்தன. மேலே சொன்ன வர்ஜீனியாக்காரர்கள் கோழிக் குப்பை தின்ற செம்மறிகள் செம்பு நஞ்சினால் மடிந்ததை அன்றே எழுதிவைத்திருக்கிறார்கள். முறையைச் சொன்னவர் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்லவில்லை, அல்லது அறியவில்லை.

மருத்துவர் மாலிப்டினம் உப்பும் சோடியம் சல்பேட்டும் கொடுத்துச் சிலவற்றைப் பிழைக்கவைத்தார். ஆனாலும் செம்மறியில் 11 போயின. பிழைத்தவற்றிலும் நோயுள்ளது குர்பானிக்கு ஆகாது. பெருநாள் நெருங்கிய சந்தையில் ஆட்டு விலை எப்படியிருக்கும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. பணம் கட்டியவர்களின் அமானிதம் அது. ஆகவே கடன் வாங்கி, வேறு ஆடுகள் பிடித்து, ஆகஸ்டு 12-இல் எல்லாருடைய பேரிலும் குர்பானி நிறைவேறியது. பணம் கட்டியவர்களில் ஒருவர் வயதான அம்மா. நடந்ததைச் சொன்னபோது, "தம்பி, என் ஆடு என்ன தின்று வளர்ந்தது என்று நீ முன்பே கேட்டிருக்க வேண்டாமா?" என்றார். அந்தக் கேள்வி கடனைவிடக் கனமாக இருந்தது. குப்பை கொடுத்த பண்ணைக்காரர் ஏமாற்றினார் என்றும் நம்மால் சொல்ல முடியவில்லை. கோழிக்கு என்ன போட்டீர்கள் என்று அவரை ஒருவரும் கேட்கவேயில்லை.

புளிப்புக்கு அடங்காதது செம்பு மட்டுமன்று. கோழியின் இரத்தக் கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்துகள் எருவிலும் தங்கும், அவை குதிரைக்குக் கொடிய விஷம். செத்த கோழியை அப்புறப்படுத்தாமல் குப்பையோடு வாரிவிட்டால் அதில் போட்டுலிசம் என்னும் நஞ்சு ஊறி, தின்ற மாடு கால் மடங்கி விழுந்து சாகும். அந்தக் கிருமியின் வித்து புளிப்பிலும் சூட்டிலும் பிழைத்துக் கிடக்கும். கம்பியும் ஆணியும் கண்ணாடித் துண்டும் இருக்கவே இருக்கின்றன. இத்தீவனத்தைப் பரிந்துரைத்தவர்களே, பால் கறக்கும் மாட்டுக்குக் கொடுக்காதீர்கள் என்றும், அறுப்பதற்கு 15 நாள் முன்னதாக நிறுத்திவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இனி, நம்மில் பலர் கேட்க விரும்பும் மார்க்க விஷயம். அசுத்தத்தைத் தின்னும் பிராணிக்கு ஜல்லாலா என்று பெயர். அதன் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ கிரந்தங்களில் உள்ளது. ஷாபிஈ இமாம்கள் இறைச்சியின் வாடை மாறியிருக்கிறதா என்பதையே முக்கியமாகப் பார்க்கிறார்கள். இமாம் நவவி அவர்கள் அதை மக்ரூஹ் என்கிறார்கள். கட்டிவைத்துச் சுத்தமான தீனி கொடுத்து வாடை நீங்கினால் குறை நீங்கும். கோழிக்கு 3 நாள், ஆட்டுக்கு 7 நாள் என்று கிதாபுகளில் கணக்கும் வருகிறது. மருத்துவ நூலின் 15 நாளும் கிதாபின் 7 நாளும் வேறு வேறு காரணத்துக்காகச் சொல்லப்பட்டவை, ஒன்றுக்கு மற்றொன்றைச் சாட்சியாக்க வேண்டாம்.

புளித்தபின் எரு சுத்தமாகிவிடாதா என்று ஒரு நண்பர் வாதித்தார். மது தானாகவே காடியாகிவிட்டால் சுத்தம் என்பதை அவர் ஆதாரம் காட்டினார். மதரஸாவில் ஓதியது நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், ஷாபிஈ மத்ஹபில் அது மதுவுக்குரிய விதி. அதிலும் வேறொரு பொருளைப் போட்டுக் காடியாக்கினால் சுத்தமாகாது. எருவைப் புளிக்கவைத்தால் எரு எருதான். ஹனஃபிகள் பொருள் மாறுவதை இன்னும் விரிவாக ஏற்கிறார்கள். மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் ஹலாலான பிராணியின் சாணமே அசுத்தமன்று. வியாபாரிகளுக்கு இன்னொன்று: ஷாபிஈகளிடம் எருவை விற்கும் ஒப்பந்தம் செல்லாது, உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகத் தொகை பெறுவதென்ற வழியையே சொல்வார்கள். ஹனஃபிகள் விற்பதை அனுமதிக்கிறார்கள். லாரி வரவழைக்கும் முன் அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஃபத்வா சொல்ல நாம் யார்?

சட்டங்களும் ஒரு சீராக இல்லை. அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 1967-இல் கோழிக் குப்பைத் தீவனம் வேண்டாமென்றது. 1980-இல் அந்தக் கருத்தை விலக்கி, மாநிலங்களின் பொறுப்பில் விட்டது. 2003 டிசம்பரில் அந்நாட்டு மாடு ஒன்றில் பைத்திய மாட்டு நோய் கண்டதும், கோழிக்குப் போட்ட மாட்டெலும்புத் தூள் குப்பை வழியாக மாட்டுக்கே திரும்புமே என்று பயந்து, 2004 ஜனவரியில் தடை செய்யப்போவதாக அறிவித்தது. 2008-இல் வந்த இறுதி விதியில் அந்தத் தடை இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ எருவையும் மூத்திரத்தையும் தீவனத்தில் சேர்ப்பதை அடியோடு தடுத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆடு மாடுகளுக்குக் கோழிக் குப்பை கொடுப்பது குற்றம். தேக்காச் சந்தையில் நாம் வாங்கும் ஆட்டிறைச்சியில் எவ்வளவு ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறதென்பது உங்களுக்குத் தெரியும். அந்த அளவில் நிம்மதி.

சிங்கப்பூரில் இப்படி ஒன்றும் நடக்கவில்லையா என்றால், வேறு விதமாக நடந்தது. பொங்கோல் பக்கம் பன்றிப் பண்ணைகள் இருந்த நாளில் கழிவு ஆறுகளைக் கெடுத்தது. அந்தக் கழிவுநீரை ஆழமில்லாத குளங்களில் வெயிலில் ஓடவிட்டு, அதில் வளரும் பாசியை அள்ளித் தீவனமாக்கலாமா என்று ஆராய்ந்தார்கள். 1980 பிப்ரவரி 27 முதல் 29 வரை இதற்கென்றே இங்கே ஒரு பயிலரங்கு கூடியது. 1984-இல் அரசாங்கம் பன்றிப் பண்ணைகளையே எடுத்துவிடத் தீர்மானித்ததும் அந்தப் பேச்சு முடிந்தது. அது நமக்குரிய தீவனமன்று, ஆயினும் சிறிய ஊரில் கழிவை எங்கே கொட்டுவது என்ற கவலை எவ்வளவு பெரியது என்பதற்காகச் சொன்னோம்.

அறிவிப்பைக் காட்டிய சகோதரருக்கு நம் பதில் இது. பங்குப் பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். ஆடு செம்மறியா, வெள்ளாடா? குப்பை கறிக்கோழியினுடையதா, முட்டைக் கோழியினுடையதா, அந்தக் கோழிக்கு என்னென்ன மருந்து? செம்பு எவ்வளவு என்று பரிசோதனைச் சாலையில் பார்த்த காகிதம் இருக்கிறதா? அறுப்புக்கு எத்தனை நாள் முன்னதாகச் சுத்தமான தீனிக்கு மாற்றுவார்கள், வாங்குகிறவர்களிடம் அதைச் சொல்வார்களா? கடைசிக் கேள்விக்கு அவர்கள் தயங்கினால் மற்ற மூன்றையும் கேட்க வேண்டியதில்லை.

மச்சானின் பட்டி இன்றும் இருக்கிறது, செம்மறியைக் குறைத்து வெள்ளாட்டைக் கூட்டிவிட்டார். சோளத்தட்டையை மட்டும் ஊறுகாய்ப் புல்லாக்கி அதே குழியில் மூடிவைக்கிறார், எரு கலப்பதில்லை. அன்று திறக்காமல் கிடந்த இரண்டாம் குழிக் குப்பை தென்னந்தோப்புக்குப் போயிற்று. தென்னைக்குச் செம்பினால் கேடு ஒன்றும் வரவில்லை, அந்த ஆண்டு காய் நன்றாகவே பிடித்தது.